வீட்டு லேத்தில் பன்னிரண்டு மேக்னட் புல்லர்: சிறு தொகுதியாகச் செய்ய முழுமையான வழிகாட்டி

மேக்னட் புல்லர் என்பது இருசக்கர வண்டியின் கிராங்க் முனையில் இறுகி உட்கார்ந்திருக்கும் மேக்னட் வீலைக் கழற்றும் கருவி. வீலின் நடுவில் உள்மரை இருக்கும். புல்லரின் உடலை அதில் திருகி ஏற்றி, நடு போல்ட்டை முறுக்கினால் போல்ட் கிராங்க் முனையை அழுத்தும், வீல் டேப்பரிலிருந்து (கிராங்க் முனையின் கூம்பு வடிவப் பகுதி) விடுபட்டு வெளியே வரும். புல்லர் இல்லாத மெக்கானிக் சுத்தியலை எடுப்பார். காந்தம் உடையும், கிராங்க் கோணும், பேரிங் அடிபடும்.

பரவலாக ஓடும் வண்டிகளுக்கான அளவு கடையிலேயே கிடைக்கிறது, அதை நாம் செய்யத் தேவையில்லை. கடையில் இல்லாத அளவு, பழைய வண்டி, இடது மரை என்று தேடி அலைகிறவர்களுக்குத்தான் வீட்டுப் பட்டறையில் பத்து, பன்னிரண்டாகச் செய்து தர முடியும்.

என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் மரை வெட்டுவதில் அவ்வளவாகத் தடுமாறவில்லை. எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்பதில்தான் தடுமாறினார்கள். அதனால் இங்கே வரிசைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டு எம்27 (பெயர் அளவு 27 மி.மீ. விட்டமுள்ள மரை), பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரம்) 1 மி.மீ., வலது மரை. உங்கள் வண்டிக்கு அளவு வேறாக இருக்கலாம், வரிசை மாறாது.

1. முதலில் கேஜ், பிறகு இரும்பு

இரும்பு வாங்கும் முன் அந்த வண்டியின் பழைய மேக்னட் வீல் ஒன்று கையில் இருக்க வேண்டும். கோவையில் உக்கடம், சென்னையில் புதுப்பேட்டை போன்ற பழைய பொருள் சந்தைகளில் தேடினால் கிடைக்கும். முடிந்தால் இரண்டாக வாங்குங்கள். ஒன்றின் மரை அடிபட்டிருந்தால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும். கிராங்க்கோடு சேர்ந்து கிடைத்தால் இன்னும் நல்லது, கடைசியில் சோதனைக்கு உதவும்.

வீலை அப்படியே லேத் பக்கம் கொண்டுவராதீர்கள். காந்தம் இரும்புத் தூளை எல்லாம் இழுத்துக்கொள்ளும், தூள் மரைக்குள் புகுந்தால் சரியான ஜாப்கூட (நாம் கடையும் துண்டு) இறுக்கமாகத் தெரியும். பல வீல்களில் நடுப் பாஸ் (உள்மரை உள்ள நடுப்பகுதி) ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். ரிவெட்டுகளைத் துளையிட்டு நீக்கி, பாஸை மட்டும் தனியாக எடுத்து டீசலில் கழுவிவிட்டால் உங்கள் கேஜ், அதாவது வெட்டிய மரை சரியா என்று திருகிப் பார்க்கும் மாதிரி, தயார்.

இப்போது அளவு. புதியவர்கள் வெர்னியரை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள், 26 காட்டும், எம்26 என்று எழுதிக்கொள்வார்கள். உள்மரையின் உச்சியில் அளந்தால் கிடைப்பது சிறிய விட்டம். பிட்ச் 1 என்றால் அது மரையின் பெயர் அளவைவிட ஏறக்குறைய 1.08 மி.மீ. குறைவாக இருக்கும். 25.92 முதல் 26.15 வரை காட்டினால் அது எம்27.

பிட்ச்சை ஒரு மரையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்குலத்துக்கு 24 மரை என்றால் பிட்ச் 1.058 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பத்து மரை தள்ளிப் பார்த்தால் அரை மி.மீ.க்கு மேல் விலகும். பிட்ச் கேஜ் பல் முழுவதும் ஒளி தெரியாமல் படிகிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வலதா இடதா என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள்.

2. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

ஜாப்புக்கு 32 மி.மீ. ஹெக்ஸ் ராடு, ஈஎன்8 தரம். ஹெக்ஸ் எடுப்பதற்குக் காரணம், வீட்டில் பெரும்பாலும் மில்லிங் மெஷின் இருக்காது. உருண்டை ராடு வாங்கினால் ஸ்பேனர் பிடிக்க முகம் வெட்ட வெளியே அலைய வேண்டிவரும். மைல்டு ஸ்டீல் வேண்டாம். நாலைந்து முறை இழுத்ததும் உள்மரை தேய்ந்து போல்ட் ஆடத் தொடங்கும்.

பன்னிரண்டு வேண்டும் என்றால் பதினான்காக வெட்டுங்கள். ஒன்று செட்டிங் பிடிக்க, ஒன்று கெட்டால் ஈடுகட்ட. துண்டு 43 மி.மீ. நீளம், அறுப்பில் போவதையும் சேர்த்தால் 640 மி.மீ. ராடு ஆகும். இந்த ஹெக்ஸ் மீட்டருக்கு 7 கிலோ வரும், ஆக நாலரை கிலோ. இரும்புக் கடையிலேயே பவர் ஹாக்சாவில் வெட்டி வாங்குங்கள். வீட்டு லேத்தில் 32 ஹெக்ஸைப் பார்ட்டிங் செய்ய (பிளேடு டூலால் அறுத்துப் பிரிக்க) உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடும், பிளேடும் போய்விடும்.

நடு போல்ட்டை நீங்களே செய்ய வேண்டாம். எம்14, பிட்ச் 1.5, நீளம் 80, தரம் 10.9 என்று கேட்டு வாங்குங்கள். தலையில் 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். முதல் எண் 1000 மெகாபாஸ்கல் இழுவிசைத் திறனையும், .9 என்பது அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை நெளியாமல் திரும்பும் என்பதையும் சொல்கிறது. வீட்டில் சூடேற்றி எண்ணெயில் அமிழ்த்திச் செய்யும் போல்ட் ஒன்றுபோல் ஒன்று வராது. புல்லரில் உயிர்ப் பகுதி அதுதான், அங்கே சோதனை முயற்சி கூடாது.

கருவிகளில் எம்14×1.5 டேப் செட் (துளைக்குள் உள்மரை வெட்ட), 8 மற்றும் 12.5 டிரில், 60 டிகிரி மரை டூல், சென்டர் கேஜ், 25–50 மைக்ரோமீட்டர், ஒரு கேரேஜ் ஸ்டாப் (டூலைத் தாங்கி நகரும் கேரேஜை ஒரே இடத்தில் நிறுத்தும் தடுப்பு) போதும். லேத் நாலரை அடியே தாராளம், மோட்டாருக்கு ரிவர்ஸ் ஸ்விட்ச் மட்டும் கட்டாயம். காரணம் ஆறாவது பகுதியில்.

3. வரைபடமும் அளவுகளும்

காகிதத்தில் வரையாமல் தொடங்காதீர்கள். பன்னிரண்டு துண்டுக்கு நடுவில் ஒரு அளவு மனதிலிருந்து நழுவும், ஏழாவது துண்டு வேறு மாதிரி வந்து நிற்கும்.

முழு நீளம் 40 மி.மீ. அதில் ஹெக்ஸ் தலை 22, அண்டர்கட் (மரை முடியும் இடத்தில் வெட்டும் பள்ளம்) 3, மரை 13, முன்னால் மரையில்லாத வழிகாட்டி முனை 2.

அண்டர்கட் விட்டம் 25.5. மரை டூல் வந்து நிற்க இடம் வேண்டும் என்பதற்காக. முனையின் விட்டம் 25.6. வீலுக்குள் அது முதலில் நுழைந்து நேராக உட்காரும், அதன் பிறகுதான் மரை பிடிக்கும். சந்தையில் வரும் பல புல்லர்களில் இந்த முனை இருக்காது. மெக்கானிக் சாய்வாகத் திருகி வீலின் முதல் மரையைக் கெடுப்பது அங்கேதான். 2 மி.மீ. செலவில் அதைத் தடுக்க முடிகிறது என்பதால் நான் ஒருநாளும் இதை விடுவதில்லை.

மரை 13 வைப்பதற்கும் கணக்கு இருக்கிறது. எம்14 போல்ட்டை 50 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் சுமார் 18,000 நியூட்டன், அதாவது 1.8 டன் அளவுக்கு இழுக்கும். அதை எட்டு மரை தாங்கினால் பிரச்சினை இல்லை. இரண்டு மரை மட்டும் தாங்கினால் வீலின் மரை உரிந்து வந்துவிடும்.

4. எந்த வேலைகள் ஒரே பிடியில் முடிய வேண்டும்

பன்னிரண்டு துண்டு என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான். எல்லாத் துண்டுக்கும் முதலில் துளை போட்டுவிடுவோம், மறுநாள் எல்லாவற்றையும் டர்னிங் செய்வோம், அப்புறம் மரை. வேகம் கூடும் என்று நினைப்பு. என் முதல் தொகுதியை நானும் அப்படித்தான் செய்தேன். பன்னிரண்டில் ஐந்தில் போல்ட் நடுவை விட்டு விலகி நின்றது.

மூன்று தாடைச் சக்கில் ஒரு ஜாப்பைக் கழற்றி மறுபடி பிடித்தால் அது பழைய இடத்தில் உட்காராது. 0.1 மி.மீ. விலகுவது சாதாரணம், பழைய சக்கில் இன்னும் கூடும். உள்மரையும் வெளிமரையும் வெவ்வேறு பிடியில் வெட்டப்பட்டால் இரண்டின் அச்சும் ஒன்றாக இருக்காது. அப்படிப்பட்ட புல்லர் கிராங்க் முனையை நேராக அழுத்தாமல் ஓரமாகத் தள்ளும்.

ஆகவே ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டிய எல்லாம் ஒரே பிடியில் முடிய வேண்டும்: ஃபேசிங் (முகத்தைச் சமமாகக் கடைவது), துளை, டேப், வெளி விட்டம், அண்டர்கட், வெளிமரை. தனியாகச் செய்யக்கூடியது ஹெக்ஸ் பின்முகம் மட்டும், அதைக் கடைசியில் மொத்தமாகச் செய்யலாம்.

டூல் மாற்ற நேரம் ஆகுமே என்றால், நான்கு முக டூல் போஸ்டில் ஃபேசிங்-டர்னிங் டூல், அண்டர்கட் டூல், மரை டூல் மூன்றையும் முதலிலேயே சென்டர் உயரத்துக்கு ஷிம் (மெல்லிய தகடு) வைத்துப் பூட்டிவிடுங்கள். நான்காவது முகம் காலியாக இருக்கட்டும், கை அந்தப் பக்கம்தான் போகும். சக்குக்குள் ஜாப்புக்குப் பின்னால் ஃபேசிங் செய்த ஒரு வளையத்தை வையுங்கள், நடுவில் 14 மி.மீ. துளையோடு. ஒவ்வொரு துண்டும் அதில் முட்டி ஒரே ஆழத்தில் உட்காரும், கேரேஜ் ஸ்டாப்பை மாற்றவே வேண்டியதில்லை. சக் பிடியில் 18 மி.மீ., வெளியே 25.

5. துளையும் டேப்பும்

முகத்தை ஃபேசிங் செய்து, சென்டர் டிரில் போட்டு, 8 மி.மீ., பிறகு 12.5 மி.மீ. துளை. 12.5க்கு நிமிடத்துக்கு 500 சுற்று போதும், கூலன்ட் தொடர்ந்து ஓடட்டும்.

அடுத்து உடனே டேப். வெளி வேலையெல்லாம் முடித்துவிட்டு டேப் போடலாமே என்று கேட்பார்கள். இந்த ஜாப்பில் கெடுவதற்கு அதிக வாய்ப்புள்ள வேலை டேப்தான். டேப் உள்ளே முறிந்தால் துண்டு போனது போனதுதான். மரை வெட்டி முடித்த பிறகு முறிந்தால் அரை மணி நேர உழைப்பும் சேர்ந்து போகும். கெடக்கூடிய வேலையை முன்னால் வையுங்கள்.

மோட்டாரை அணைத்து, மெயின் ஸ்விட்ச்சையும் அணைத்துவிடுங்கள். டேப்பின் பின்முனைக் குழியில் டெயில்ஸ்டாக் சென்டரை வைத்து, டேப் ரெஞ்சைக் கையால் திருப்புங்கள், சென்டர் கூடவே முன்னேறட்டும். முதல் ஐந்து மரை இப்படி நேராக ஏறிவிட்டால் பிறகு சாயாது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, டேப்பிங் ஆயில் தாராளமாக. முழுத் துளை என்பதால் முதல் இரண்டு டேப்பே போதும். வாயில் ஒரு சாம்ஃபர் (விளிம்புச் சரிவு) போட்டு, தூளை ஊதித் தள்ளாமல் பிரஷ் விட்டு எடுங்கள்.

6. வெளிமரை

வெளி விட்டத்தை 26.90க்குக் கொண்டுவாருங்கள். சரியாக 27 வைத்தால் மரை வெட்டும்போது உச்சியில் பிசிறு எழுந்து இன்னும் பெருக்கும், கேஜ் ஏறாது. ஹைஸ்பீட் டூலுக்கு நிமிடத்துக்கு 300 சுற்று. பிறகு 25.6க்கு முனை, அண்டர்கட், முன்னால் சிறு சாம்ஃபர்.

கியர் கணக்கு. நம் ஊர்ப் பழைய லேத்துகள் பலவற்றில் லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் நீளத் திருகு) அங்குலத்துக்கு 4 மரை. அதில் மில்லிமீட்டர் மரை வெட்ட 127 பல் கியர் வேண்டும், ஏனென்றால் 127 என்பது 25.4இன் ஐந்து மடங்கு. ஓட்டும் கியர் 20, ஓடும் கியர் 127 என்று போட்டால் பிட்ச் சரியாக 1 மி.மீ. 20 பல் எட்டவில்லை என்றால் 40/127, 50/100 என்று கூட்டுக் கியராகப் போடுங்கள், விடை அதேதான். 127 இல்லாமல் 63 வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. அதில் பிட்ச் 1.008 வரும், 13 மி.மீ.க்கு 0.1 விலகும். விற்கப் போகிற கருவிக்கு நான் அதை ஒப்ப மாட்டேன், ஒரு 127 கியர் வாங்கிவிடுங்கள்.

முதல் துண்டில் நுனி மட்டும் படும்படி ஒரு கோடு இழுத்து பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள். கியர் தவறாகப் போட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இனி முக்கியமான எச்சரிக்கை. அங்குல லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரை வெட்டும்போது ஆஃப் நட்டை (கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு பூட்டும் பிளவு நட்டு) திறக்கவே கூடாது. திறந்து மறுபடி பூட்டினால் டூல் பழைய பள்ளத்தில் விழாது. ஓட்டம் முடிந்ததும் கிராஸ் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டித்தான் திரும்பி வர வேண்டும். ரிவர்ஸ் ஸ்விட்ச் கட்டாயம் என்றது இதற்காகத்தான். உங்கள் சக் ஸ்பிண்டிலில் மரை மூலம் ஏறுவதாக இருந்தால், முழுதாக நின்ற பிறகே ரிவர்ஸ் போடுங்கள், சடாரென்று திருப்பினால் சக் தளர்ந்து கழன்றுவிடும்.

வேகம் நிமிடத்துக்கு 50 சுற்று. அந்த வேகத்தில் 3 மி.மீ. அண்டர்கட்டைக் கடக்க டூலுக்கு மூன்றரை விநாடி ஆகும். நிறுத்த அது போதும். 150 சுற்றில் ஒரு விநாடிதான் இருக்கும், கை பதறும், டூல் ஹெக்ஸில் மோதும்.

பிட்ச் 1 என்பதால் நேராகவே இறக்கலாம். நான் இறக்கும் வரிசை: 0.15, 0.12, 0.10, 0.08, 0.06, 0.04. கூட்டினால் 0.55. இங்கே நிறுத்தி, பிசிறைத் துடைத்து, கேஜ் பாஸைத் திருகிப் பாருங்கள். பெரும்பாலும் ஏறாது. அதன் பிறகு 0.02 ஆக இறக்கி, ஒவ்வொரு முறையும் கேஜ் வைத்துப் பாருங்கள். டூல் நுனியைப் பொறுத்து 0.60க்கும் 0.65க்கும் நடுவில் ஏறிவிடும். ஏறிய பிறகு அதே அளவில் இன்னொரு ஓட்டம் விடுங்கள், டூல் வளைவில் விட்டுப்போனதை அது எடுத்துவிடும்.

உங்கள் கிராஸ் ஸ்லைடு டயல் ஆரத்தைக் காட்டுகிறதா விட்டத்தைக் காட்டுகிறதா என்று முன்பே சோதியுங்கள். விட்டக் கணக்கு டயலில் மேலே சொன்னதை அப்படியே வைத்தால் பாதி ஆழம்தான் இறங்கும், ஏன் கேஜ் ஏறவில்லை என்று டூலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

கேஜ் கையால் கடைசி வரை போக வேண்டும், ஆனால் ஆட்டினால் லொடலொட என்று ஆடக்கூடாது. ஒரு துண்டுக்கு மரை மட்டும் ஏழு, எட்டு நிமிடம். ஒன்பதாவது, பத்தாவது துண்டில் பொறுமை குறையும், 0.15க்குப் பதில் 0.25 இறக்கத் தோன்றும். அப்போது லேத்தை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள்.

இடது மரை என்றால் டம்ளர் கியரை (லீட் ஸ்க்ரூ சுழலும் திசையை மாற்றும் கியர்) திருப்பிப்போட்டு, டூலை அண்டர்கட்டில் வைத்து டெயில்ஸ்டாக் பக்கமாக ஓட்டுங்கள். மற்ற எல்லாம் அப்படியே.

7. பின்முகம்

இப்போதுதான் துண்டைத் திருப்பிப் பிடிக்கிறோம். வெளிமரையைச் சக் தாடையில் பிடித்தால் மரை நசுங்கும், தாள் சுற்றிப் பிடித்தாலும் நசுங்கும். அதற்குப் பதில் ஒரு துண்டு ராடைச் சக்கில் பிடித்து, 30 மி.மீ. நீளத்துக்கு எம்14×1.5 வெளிமரை வெட்டி, பின்னால் ஒரு நேர்முகம் விடுங்கள். வெட்டிய அந்த மேண்ட்ரலை (ஜாப்பைத் தாங்கும் ராடு) தொகுதி முடியும்வரை சக்கிலிருந்து எடுக்காதீர்கள்.

புல்லரை அதில் கையால் திருகி முட்டவிட்டால் போதும், வெட்டு விசையே அதை இறுக்கும். பின்முகத்தை ஃபேசிங் செய்து 40க்குக் கொண்டுவந்து, ஹெக்ஸ் மூலைகளை 30 டிகிரியில் தட்டி, துளை வாயில் சாம்ஃபர் போட்டு, ஸ்பேனர் வைத்துக் கழற்றுங்கள். பதினான்கையும் முக்கால் மணி நேரத்தில் முடிக்கலாம்.

8. போல்ட் முனை

போல்ட்டின் கடைசி 8 மி.மீ.யை 11 விட்டத்துக்குக் கடைந்துவிடுங்கள். அழுத்தி அழுத்தி முனை காலப்போக்கில் காளான்போல் விரியும். மரை இருக்கும் இடம் விரிந்தால் போல்ட் உடலுக்குள் திரும்பி வராது. 10.9 கெட்டியானது, கார்பைடு டூல் வேண்டும்.

முனையைக் கூராக்காதீர்கள். கிராங்க் முனையில் ஒரு சென்டர் குழி இருக்கும், கூர்முனை அதற்குள் ஆப்புபோல் இறங்கி முனையை விரித்துவிடும், பிறகு நட்டு ஏறாது. தட்டையாக விட்டு ஓரத்தில் மட்டும் சிறு சாம்ஃபர் போடுங்கள்.

9. சோதனையும் முடிப்பும்

ஒவ்வொன்றையும் கேஜில் திருகிப் பார்க்க வேண்டும். அதோடு முதல், ஆறாவது, கடைசித் துண்டுகளை உண்மையான வீலில் இழுத்துப் பாருங்கள். பழைய கிராங்க்கில் இரண்டாவது வீலை ஏற்றி நட்டை இறுக்கி, நட்டைக் கழற்றிவிட்டுப் புல்லரைப் போடுங்கள். டார்க் ரெஞ்சில் 50 வைத்து முறுக்கி, வரவில்லை என்றால் போல்ட் தலையில் சிறு சுத்தியால் ஒரு தட்டுத் தட்டுங்கள். டேப்பர் விடும்போது வீல் குதிக்கும், நேர் எதிரே நிற்காதீர்கள். கழற்றிய பிறகு புல்லர் மரையில் பளபளப்பு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மின்னினால் அச்சு விலகியிருக்கிறது.

பிறகு நம்பர் பஞ்ச்சால் ஹெக்ஸ் முகத்தில் 27×1 என்று அடியுங்கள், எதிர் முகம் கட்டையில் படும்படி வைத்து. இதை முன்பே அடித்தால் எழுந்த விளிம்பு சக் பிடியைக் கெடுக்கும். இடது மரைக்கு ஒரு தனி அடையாளம் கட்டாயம்.

துரு பிடிக்காமலிருக்கக் கெமிக்கல் பிளாக்கனிங் (ரசாயனத்தில் முக்கிக் கறுப்பாக்குவது) போதும், சிறு தொகையில் செய்து தரும் பட்டறைகள் இருக்கின்றன. ஜிங்க் பிளேட்டிங் வேண்டாம். பூச்சின் தடிமன் பிட்ச் 1 மரையில் கேஜைத் தடுக்கும், கெட்டியான போல்ட்டில் ஹைட்ரஜன் ஏறி விரிசல் விடும் ஆபத்தும் உண்டு.

10. அடிக்கடி பார்க்கும் வேறு தவறுகள்

கையுறை போட்டுக்கொண்டு லேத் ஓட்டுவது. சுருளை எடுக்கக் கொக்கி இருக்கிறது, கையுறை சுருளோடு சேர்ந்து கையை இழுக்கும். தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை இரண்டும் அப்படித்தான். கண்ணாடி இல்லாமல் தொடங்காதீர்கள்.

வீட்டு மின் இணைப்பிலேயே விற்பனைக்கான வேலையை ஓட்டுவது. தொகுதிகள் தொடரும் என்று தெரிந்ததும் தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள், எர்த்திங்கையும் அப்போதே சரிபார்த்துவிடலாம்.

நேரத்தை எழுதிவைக்காமல் விலை சொல்வது. எனக்கு முதல் தொகுதியில் துண்டுக்கு 50 நிமிடம் ஆனது, நான்காவதில் 28. இரண்டுக்கும் நடுவில் ஒரு விலையைச் சொல்லிவிட்டு மாற்ற முடியாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செட்டிங் நேரத்தையும் பன்னிரண்டால் வகுத்துச் சேருங்கள்.

கடைசியாக, பொட்டலத்தில் ஒரு துண்டுத்தாள் வையுங்கள். மூன்றே வரி: போல்ட் மரையில் கிரீஸ் தடவவும். உடலைக் கையால் கடைசிவரை திருகிய பிறகே போல்ட்டை முறுக்கவும். இம்பேக்ட் கன் போட வேண்டாம். நான் இந்தத் தாள் வைக்கத் தொடங்கிய பிறகு, மரை உரிந்துவிட்டது என்று திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. அதிலும் உடல் இரண்டு சுற்றுதான் ஏறியிருந்தது.